மூன்று முறை நீட் பிஜி எழுதியும் சீட் இல்லை. நான்காவது முறை எழுதலாமா?

எம்டி, எம்எஸ் போன்ற மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு நீட் பிஜி. அதைப் பற்றித் தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் இளம் டாக்டர் கேட்டிருக்கிறார். 2023 மார்ச்சில், ஹவுஸ் சர்ஜன் காலம் முடியும் முன்பே, முதல் முறை எழுதியிருக்கிறார். 2024 ஆகஸ்டில் இரண்டாவது முறை. அகில இந்திய ரேங்க் 38 ஆயிரத்துச் சொச்சம் வந்தும் கவுன்சிலிங்கில் ஒன்றும் அமையவில்லை. அதன்பிறகு வண்ணாரப்பேட்டையில் ஒரு நர்ஸிங் ஹோமில் மாதம் பத்து 24 மணி நேர டியூட்டி பார்த்துக்கொண்டே 2025இல் மூன்றாவது முறை எழுத, ரேங்க் 60 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பிசி பிரிவு. வீட்டில் ஒரே ஹால், தம்பி தங்கைகளும் படிக்கிறார்கள். இன்னொரு முறை எழுதலாமா, இல்லை கிளினிக் போட்டு உட்காரலாமா என்பது கேள்வி.

எழுதலாம். நீட் பிஜிக்கு வயது வரம்பும் இல்லை, இத்தனை முறைதான் என்ற கணக்கும் இல்லை. நேர்முகம் கிடையாது. அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு (அங்கே மேற்படிப்புப் பயிற்சிக்குப் பெயர் அதுதான்) விண்ணப்பித்தால் எந்த வருடம் படித்து முடித்தீர்கள், நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். இங்கே அந்த ஆண்டின் ரேங்க் ஒன்றை மட்டும்தான் பார்க்கிறார்கள். முதல் முறை எழுதியவரும் ஐந்தாவது முறை எழுதியவரும் ஒரே பட்டியலில் ஒரே மாதிரி நிற்பார்கள்.

ஆனால் "மூன்று முறை தோற்றேன்" என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்களே, அதை முதலில் அவிழ்த்துப் பாருங்கள். உள்ளே இருப்பது மூன்று வேறு வேறு விஷயங்கள். 2023இல் வார்டில் ரத்தம் எடுத்துக்கொண்டும் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டும் இருந்தபோது எழுதியது. அதை ஒரு முயற்சியாகவே எண்ண வேண்டாம். 2024இல் சீட் போனது பரீட்சை ஹாலில் இல்லை, கவுன்சிலிங்கில். 2025இல் போனது படிப்பு நேரத்திலும் படித்த முறையிலும். நான்காவது முறைக்கு "இன்னும் நன்றாகப் படிக்கணும்" என்று மட்டும் முடிவு செய்தால், மூன்றில் ஒன்றுக்குத்தான் மருந்து கொடுத்ததாக ஆகும். இரண்டு, மூன்று முறை எழுதியவர்கள் செய்யும் பெரிய பிழை இதுதான்.

கவுன்சிலிங்கிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் அதிகம் இழந்தது அங்கேதான்.

அரசுக் கல்லூரிகளின் பிஜி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு. அதை டெல்லியில் இருக்கும் எம்சிசி (மத்திய அரசின் மருத்துவக் கவுன்சிலிங் குழு) நடத்துகிறது. மறுபாதி மாநில ஒதுக்கீடு. அதை நம் மாநிலத் தேர்வுக்குழு, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்வி இயக்குநரக வளாகத்திலிருந்து நடத்துகிறது. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு, தனித்தனிக் கட்டணம், தனித்தனி சாய்ஸ் பட்டியல், அதாவது எந்தக் கல்லூரியில் எந்தத் துறை வேண்டும் என்ற விருப்ப வரிசை. ஒன்றில் பதிந்தால் மற்றதில் தானாகப் பெயர் வராது.

ஓல்டு ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் புரிவதற்காக, ஒரு துறையில் 20 இடம் என்று வைத்துக்கொள்வோம். 10 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதி 10 மாநிலத்துக்கு. அந்தப் பத்தில் பாதியை அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்குத் தமிழ்நாடு ஒதுக்குகிறது. மாநிலங்களுக்கு இந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆக, அரசுப் பணியில் இல்லாத உங்களுக்கு மாநிலப் பட்டியலில் மிஞ்சுவது 5. அந்த ஐந்து இடம் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சுழற்சியில் பொது, பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி என்று பிரியும். பிசிக்கு ஒன்றோ இரண்டோ. எதிர்ப்பக்கத்தில் அகில இந்தியப் பத்தில் 27 சதவீதம் ஓபிசிக்கு, அதாவது இரண்டு அல்லது மூன்று. அங்கே போட்டி நாடு முழுக்க என்பது உண்மை. ஆனால் அந்தக் கதவை மூடிவிட்டு மாநிலப் பட்டியலில் மட்டும் காத்திருந்தால், நீங்கள் போட்டியிடும் இடங்கள் ஸ்டான்லியில் கால் பங்குக்கு வந்துவிடுகின்றன.

2024இல் நீங்கள் மாநிலக் கவுன்சிலிங்கில் மட்டும் பதிந்து, சென்னைக் கல்லூரிகளாகப் பார்த்து 14 சாய்ஸ் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 38 ஆயிரத்தில் மெடிசின், ரேடியாலஜி, டெர்மா என்று சென்னைக்குள் மட்டும் கேட்டால் ஒன்றும் வராதது இயல்பு. சாய்ஸ் எத்தனை போடலாம் என்பதற்கு உச்சவரம்பு இல்லை. 200 போடுங்கள், 300 போடுங்கள். கம்ப்யூட்டர் செய்வது இவ்வளவுதான்: உங்கள் ரேங்க் வரும்போது பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கும். கீழே ஓர் இடத்தைச் சேர்த்ததால் மேலே இருக்கும் இடம் கைநழுவாது. "இந்த ரேங்குக்கு இது கிடைக்குமா" என்று யோசித்து வரிசையை மாற்றுவது உங்களுக்கே எதிராகப் போகும்; மேலே வைத்த சுமாரான இடம் கிடைத்துவிட்டால், கீழே இருந்த நல்ல இடத்தைக் கம்ப்யூட்டர் பார்க்கவே பார்க்காது. ஆசைப்பட்ட வரிசையிலேயே போடுங்கள். சேர மாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தை மட்டும் பட்டியலுக்குள் விடாதீர்கள்.

இந்தக் கடைசி வாக்கியம் சுற்று ஏற ஏற முக்கியமாகும். எம்சிசியில் முதல் சுற்றில் இடம் வந்தும் சேராவிட்டால் நஷ்டமில்லை. இரண்டாம் சுற்றில் சேராவிட்டால் டெபாசிட் போகும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு அது பொதுப்பிரிவில் 25,000, இடஒதுக்கீட்டுப் பிரிவில் 12,500 ரூபாய், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் சேர்த்தால் 2 லட்சம். மூன்றாம் சுற்றில் சேர்ந்தவர் பிறகு விட்டுவிட்டுப் போக முடியாது. கடைசியாக நடக்கும் ஸ்ட்ரே சுற்றில் இடம் வாங்கிவிட்டுச் சேராதவர்களுக்கு அடுத்த தேர்வுக்கே தடை விதிக்கும் விதி வந்திருக்கிறது. இந்த விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. போன வருடம் சீனியர் சொன்னதை நம்பி இந்த வருடம் பட்டன் அழுத்த வேண்டாம். அந்த ஆண்டுத் தகவல் கையேட்டை முழுக்கப் படிக்க இரண்டு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

இன்னொரு பொறி, அப்கிரேடு. முதல் சுற்றில் ஓர் இடத்தில் சேர்ந்து, அடுத்த சுற்றுக்கு விருப்பம் கொடுத்து, அதில் மேலே இருக்கும் சாய்ஸ் கிடைத்துவிட்டால், பழைய இடம் அந்த நொடியே போய்விடும். "புதியது பிடிக்கவில்லை, பழையதுக்கே போகிறேன்" என்றால் முடியாது. ஆகவே இரண்டாம் சுற்றுப் பட்டியலில், கையில் இருப்பதைவிட நிஜமாகவே மேலானதை மட்டும் வையுங்கள்.

மாநில ஒதுக்கீட்டில் யார் தகுதி என்ற விதியையும் ஒவ்வொரு ஆண்டும் தேர்வுக்குழுவின் விளக்கக் குறிப்பேட்டில் பாருங்கள். பிஜி இடங்களில் வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29இல் தீர்ப்பு சொல்லியிருப்பதால், பழைய வாசகங்கள் அப்படியே இருக்கும் என்று எண்ண முடியாது.

பணம் கொடுத்தால் மேனேஜ்மென்ட் சீட் "பிளாக்" செய்து தருகிறேன் என்று போன் வரும். ரிசல்ட் வந்த வாரம் முழுக்க வரும். நீங்கள் ரேங்க் பட்டியலில் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மேனேஜ்மென்ட் இடம் உட்பட எந்த பிஜி இடமும் கவுன்சிலிங் வழியாக மட்டுமே நிரப்பப்படும். கல்லூரி நேரடியாகச் சேர்க்க முடியாது என்று 2023ஆம் ஆண்டின் பிஜி மருத்துவக் கல்வி விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. அப்பாவின் ஓய்வுப் பணத்தில் கை வைக்க வேண்டாம்.

அடுத்து, சான்றிதழ். எம்சிசியில் ஏன் பதியவில்லை என்பதற்கு "ஓபிசி சர்டிபிகேட் இல்லை, அப்பா சம்பளம் 8 லட்சம் தாண்டியிருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் ஏராளமானவர்கள் தவறாகப் புரிந்துகொண்டு தாங்களாகவே விலகிவிடுகிறார்கள். கிரீமி லேயருக்கான (ஓபிசி ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவுக்கான) 8 லட்சம் வரம்பைப் பார்க்கும்போது சம்பள வருமானத்தையும் விவசாய வருமானத்தையும் கணக்கில் சேர்ப்பதில்லை. வாடகை, வியாபாரம், வட்டி போன்ற மற்ற வருமானம்தான் அந்த வரம்புக்குள் பார்க்கப்படும். அரசு வேலையில் இருக்கும் பெற்றோருக்கு அவர்கள் எந்தக் குரூப் பதவியில் சேர்ந்தார்கள் என்பது அளவுகோல். ஆகவே தொகையை மட்டும் பார்த்து நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

பள்ளிக்கூடக் காலத்தில் வாங்கிய பிசி சாதிச் சான்றிதழ் மாநிலக் கவுன்சிலிங்குக்குப் போதும். எம்சிசிக்கு அது செல்லாது. மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் இல்லை என்று சொல்லும் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும்; அதுவும் அந்த ஆண்டுக் கையேடு சொல்லும் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகம் வழியாக வரும். உங்களுக்குத் தண்டையார்பேட்டை தாலுகா. விஏஓ, வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து வர வாரக்கணக்கில் ஆகலாம். ரிசல்ட் வந்தபிறகு ஓடினால் அதே வாரத்தில் எல்லோரும் ஓடுவார்கள். அதற்கும் முன்னால் ஒரு வேலை: உங்கள் சாதிப் பெயர் மத்திய ஓபிசி பட்டியலில் தமிழ்நாட்டின் கீழ் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் பிசியாக இருந்து மத்தியப் பட்டியலில் இல்லாத உட்பிரிவுகள் உண்டு. நீட் விண்ணப்பத்திலேயே ஓபிசி என்று குறித்திருக்க வேண்டும். திருத்தக் கொடுக்கும் நாட்கள் முடிந்தபிறகு மாற்றுவது பெரும்பாடு.

இன்ஷியல் பிரச்சினை நம் ஊருக்கே உரியது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், மெடிக்கல் கவுன்சில் பதிவில் வேறு மாதிரி. வெளிமாநிலக் கல்லூரியில் சேரப் போகும்போது அங்குள்ள அலுவலருக்கு இது இரண்டு ஆட்களாகத் தெரியும். நீட் விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும்படியே பெயர் போடுங்கள். வேறுபாடு இருந்தால் இருவரும் ஒருவரே என்ற நோட்டரி உறுதிமொழியை இப்போதே வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

இனி மதிப்பெண். 200 கேள்வி, சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1, மொத்தம் 800. 2024 முதல் தாள் ஐந்து பகுதியாகப் பிரிந்துவிட்டது: 40 கேள்விக்கு 42 நிமிடம், அதாவது கேள்விக்கு 63 நொடி. ஒரு பகுதியின் நேரம் முடிந்தால் திரும்பிப் போக முடியாது. பழைய முறையில் பழகியவர்கள் "பிறகு பார்ப்போம்" என்று மார்க் செய்து கடைசி அரை மணி நேரத்தை நம்பியிருந்தார்கள். அந்த அரை மணி நேரம் இப்போது இல்லை. பகுதிக்குள்ளேயே கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்கிக்கொள்ளப் பழக வேண்டும்.

நெகட்டிவ் மார்க்குக்குப் பயந்து 2025இல் 31 கேள்வியை விட்டதாகச் சொல்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், சராசரியாகக் கேள்விக்கு கால் மதிப்பெண் கூடும். ஒரு விடையை நிச்சயமாகத் தள்ள முடிந்தால் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பெண் கூடும். இரண்டைத் தள்ள முடிந்தால் ஒன்றரை. அந்த 31இல் 20 கேள்விக்கு இரண்டு விடையைத் தள்ளத் தெரிந்திருந்தால், சராசரியாக 30 மதிப்பெண் மேஜையில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நடு ரேங்குகளில் கூட்டம் மிக நெருக்கம்; 30 மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கான ரேங்க் நகரும். எய்ம்ஸ், ஜிப்மர், பிஜிஐ, நிம்ஹான்ஸ் இடங்களுக்கான ஐஎன்ஐ-செட்டில் இந்தக் கணக்கு வேறு: சரிக்கு 1, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. அங்கே குருட்டாம்போக்கில் தொட்டால் சராசரி பூஜ்யம். ஒரு விடையையாவது தள்ள முடிந்தால்தான் லாபம். ஐஎன்ஐ-செட் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. நீங்கள் ஒருமுறைகூட எழுதவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. அதே பாடம், அதே உழைப்பு, கூடுதலாக இரண்டு வாய்ப்பு.

எந்த இடத்தில் தவறுகிறது என்று கண்டுபிடிக்க கிராண்ட் டெஸ்ட்டைவிட (முழுத் தாளுக்கான மாதிரித் தேர்வு) நல்ல கருவி இல்லை, ஆனால் டெஸ்ட் எழுதுவதைவிட அதைத் திருத்திப் பார்ப்பதில் அதிக நேரம் போக வேண்டும். மூன்றரை மணி நேர டெஸ்ட்டுக்கு ஆறு மணி நேரமாவது அலசல். தவறான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள்: படிக்கவே இல்லை, படித்தும் மறந்தது, கேள்வியை அவசரத்தில் தப்பாகப் படித்தது, இரண்டு விடைக்கு நடுவே தடுமாறியது. 80 தவறு இருந்தால் 22, 31, 9, 18 என்கிற மாதிரி ஏதோ ஒரு பிரிவு வரும். இப்படி வந்தால் 22 கேள்விக்கு மட்டும்தான் புதிதாகப் படிக்க வேண்டும். 31க்குத் தேவை திருப்புதல். புது வீடியோ பார்த்தால் அந்த 31 இன்னும் கூடும். 18க்கு வேண்டியது ஒப்பீட்டு அட்டவணை. வயிற்றில் அடிபட்டு வந்தவருக்கு என்ன பரிசோதனை என்று கேட்டால், ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் சிடி, சரிந்துகொண்டிருந்தால் ஃபாஸ்ட் ஸ்கேன் என்னும் அவசர அல்ட்ராசவுண்ட். இரண்டு விடையுமே தெரிந்தவர்தான் இதில் தவறு விடுகிறார், ஏனென்றால் கேள்வியின் இரண்டாம் வரியில் இருந்த பிபி எண்ணை அவர் பார்க்கவில்லை. தவறாகப் போகும் ஒரு கேள்வி சரியானால் 4 இல்லை, 5 மதிப்பெண் கூடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

2024இல் மாரோ, 2025இல் பிரெப்லேடர் என்று ஆன்லைன் பயிற்சி ஆப்பை மாற்றியதுதான் ரேங்க் இறங்கியதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எது நல்லது என்பது இங்கே கேள்வியே இல்லை. 19 பாடத்துக்கும் புதிதாகக் குறிப்பு எழுத நாலு, ஐந்து மாதம் போயிருக்கும். கடைசி மாதத்தில் எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்ற கண் பழக்கம் உங்களுக்கு வந்திருக்காது. 2024இல் எழுதிய நோட்ஸையே எடுங்கள். பழசாகிப் போகும் பகுதிகளை மட்டும் மாற்றுங்கள்: தேசிய தடுப்பூசி அட்டவணை, காசநோய்ச் சிகிச்சை முறைகள், புற்றுநோய் நிலைப் பகுப்பு, பிஎஸ்எம்மில் (சமூக மருத்துவம்) வரும் திட்டங்கள்.

நேரத்தைக் கணக்குப் போடும்போது உங்களை ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். மாதம் பத்து 24 மணி நேர டியூட்டி என்றால், டியூட்டி நாளில் நிஜமாகக் கிடைப்பது ஒரு மணி நேரம். மறுநாள் முதலில் தூக்கம். அதன்பின் நாலு மணி நேரம். மீதிப் பத்து நாள் ஒன்பது மணி நேரம். 10, 40, 90, ஆக மாதம் 140 மணி. நாலு மாதத்துக்கு 560. முதல் திருப்புதலுக்கு இரண்டு மாதம், 280 மணி: மெடிசின் 35, சர்ஜரி 28, பெத்தாலஜி 25, மகப்பேறு 24, ஃபார்மகாலஜி 22, பிஎஸ்எம் 20, மைக்ரோ 18, குழந்தை மருத்துவம், அனாட்டமி, ஃபிசியாலஜி தலா 15, பயோகெமிஸ்ட்ரி 15, மீதி எட்டு சின்னப் பாடங்களுக்குத் தலா 6. இரண்டாவது திருப்புதல் ஒரு மாதம். மூன்றாவது இரண்டு வாரம். கடைசி இரண்டு வாரம் டெஸ்ட் அலசலும் தவறு நோட்டும் மட்டும். சின்னப் பாடங்களை யாரும் ஒதுக்க வேண்டாம். ஆறு மணி நேரத்தில் முடியும் அனஸ்தீசியாவும் சைக்கியாட்ரியும் மெடிசினில் கூடுதலாகப் போடும் ஆறு மணியைவிட அதிக மதிப்பெண் தரும்.

இரவு டியூட்டி முடிந்து வந்த கையோடு புத்தகத்தைத் திறப்பதை நிறுத்துங்கள். தூங்காத மூளையில் படித்தது தங்காது; எட்டு மணி நேரம் உட்கார்ந்தோம் என்ற திருப்தி மட்டும்தான் மிஞ்சும். முடிந்தால் 24 மணி நேர டியூட்டியையே மாற்றிப் பாருங்கள். நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் ஒப்பந்த டாக்டர் பணி காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. நடுவே நாலு மணி நேரம் கிடைக்கும், இரவுத் தூக்கம் கெடாது. இப்போது வாங்குவதைவிடச் சம்பளம் குறைந்தாலும் ஒரு வருடத்துக்கு அது தாங்கும்.

வீட்டில் இடமில்லை என்பதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் ஒரே ஹாலில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் மேஜை காலியாகும். ஆனால் தேர்வு காலையில். 2025இல் 9 மணிக்குத் தொடங்கியது. இரவு இரண்டு மணி வரை படித்துப் பழகிய மூளை காலை ஒன்பதுக்கு அரைத் தூக்கத்தில் இருக்கும். கொளத்தூர் அகரத்தில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிப்பதற்கென்றே தனி இடம் இருக்கிறது. எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இரண்டுக்கும் போய்வரலாம், மெட்ரோ வந்தபிறகு எழும்பூர் தூரமே இல்லை. படித்த கல்லூரியின் நூலகத்தில் பழைய மாணவருக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். எங்கே என்பதைவிட, கிராண்ட் டெஸ்ட் எல்லாவற்றையும் காலை 9 மணிக்கு, ஒரே நாற்காலியில், மூன்றரை மணி நேரம் எழாமல் எழுதுவது முக்கியம்.

தேதி தள்ளிப்போவதற்கும் தயாராக இருங்கள். 2021 ஏப்ரலில் நடக்க வேண்டியது செப்டம்பர் 11க்குப் போனது. 2024 ஜூன் 23 தேர்வை முந்தின நாள் இரவு ஒத்திவைத்தார்கள். 2025இல் ஜூன் 15 என்றது ஆகஸ்ட் 3 ஆனது. தள்ளிப்போனால் நிறையப் பேர் செய்வது, "இன்னும் நேரம் இருக்கு" என்று முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்குவது. கடைசி நேரத்தில் பாதிப் புத்தகத்தில் நிற்பார்கள். மூன்று நாள் ஓய்வெடுங்கள், பிறகு மூன்றாவது திருப்புதலை மட்டும் அதே வேகத்தில் இன்னொரு சுற்று ஓட்டுங்கள், வாரம் ஒரு டெஸ்ட்.

கூடவே இரண்டாவது பாதையையும் திறந்து வையுங்கள். அரசு டாக்டர்களைத் தேர்வு செய்யும் எம்ஆர்பியின் (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அசிஸ்டென்ட் சர்ஜன் தேர்வுக்கு நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் எம்பிபிஎஸ் பாடம்தான். தமிழ்த் தகுதித் தாள் மட்டும் கூடுதல். வேலை கிடைத்து, குறைந்தபட்சப் பணிக்காலம் முடிந்துவிட்டால், மேலே சொன்ன ஐந்து இடத்துக்குப் போட்டியிடும் நிலை மாறி, பணியில் இருப்பவர்களுக்கான மற்ற ஐந்துக்குப் போவீர்கள். தொலைதூர, கடின, கிராமப் பகுதிகளில் பணியாற்றினால் ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம் 30 சதவீதம் வரை ஊக்க மதிப்பெண்ணுக்கு விதியில் இடம் உண்டு. வடசென்னையை விட்டு மூன்று வருடம் வெளியே போக வேண்டியிருக்கும். ஆனால் அந்த மூன்று வருடம் சம்பளத்தோடு கழியும், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே கழியும்.

டிஎன்பியை இரண்டாம் தரமாக நினைத்து எம்சிசி பட்டியலில் போடாமல் விடுபவர்கள் அதிகம். தேசிய தேர்வு வாரியம் மருத்துவமனைகள் வழியாக நடத்தும், எம்டி, எம்எஸ்சுக்குச் சமமான படிப்பு அது. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை போன்ற இடங்களில் டிஎன்பி பயிற்சி நெடுங்காலமாக நடக்கிறது. கடினம் எங்கே என்றால் வெளியேறும் தேர்வில். தேசிய அளவில் நடப்பதால் மூன்று வருடமும் தியரியை விடாமல் வைத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு டிப்ளமோவும் தேசிய தேர்வு வாரியத்தில் உண்டு: மயக்கவியல், மகப்பேறு, குழந்தை மருத்துவம், குடும்ப மருத்துவம் என்று. அதை முடித்தவர் இரண்டு ஆண்டில் டிஎன்பி முடிக்கலாம்.

கட்ஆஃப் குறைந்தது என்ற செய்தியைப் பார்த்து மனம் குதிக்க வேண்டாம். 2023இல் தகுதிப் பெர்சென்டைலைப் பூஜ்யத்துக்கே இறக்கினார்கள். காலியாகக் கிடந்தவற்றில் பெரும்பகுதி அனாட்டமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி போன்ற இடங்களும் கட்டணம் மிகுந்த இடங்களும்தான். தகுதி பெறுவது ஒன்று, இடம் பெறுவது வேறு. அதே சமயம் பெத்தாலஜி, மைக்ரோபயாலஜி, சமூக மருத்துவம் மூன்றையும் "கிடைக்காதவன் எடுப்பது" என்று பேசுவதை நான் ஏற்கவில்லை. 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றி, பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம் வைத்திருக்கும் மாநிலம் இது. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்திலிருந்து பேசின் பிரிட்ஜ் வரை மழைக்காலம் முடிந்த ஒவ்வொரு முறையும் என்னென்ன காய்ச்சல் வருகிறது என்று பார்த்த டாக்டருக்கு சமூக மருத்துவம் வெறும் பாடமாக இருக்காது. ஆனால் வெறுப்போடு எடுக்காதீர்கள். அரசு இடத்தை எடுத்துவிட்டுப் பாதியில் விட்டால் பாண்ட் தொகை கட்ட வேண்டி வரும், மேலும் ஒரு வருடம் போகும். எந்தெந்தத் துறையில் சந்தோஷமாகச் சேர்வேன், எதில் சம்மதித்துச் சேர்வேன், எதில் சேரவே மாட்டேன் என்று மூன்று பட்டியலை ரிசல்ட்டுக்கு முன்பே, அம்மா அப்பாவையும் உட்கார வைத்து, எழுதிவிடுங்கள். ரேங்க் வந்த இரவில் எடுக்கும் முடிவுகள் ஆசையிலும் பயத்திலும் எடுப்பவை.

எதுவரை முயல்வது என்று கேட்டால், என் அளவுகோல் இது: முறையை மாற்றி, நேரத்தை மாற்றி எழுதியும் ரேங்க் அசையவில்லை என்றால், அந்த ஆண்டு இரண்டாம் பட்டியலில் கிடைப்பதை எடுங்கள். உங்கள் விஷயத்தில் முறை இன்னும் மாறவே இல்லை, இரண்டு கவுன்சிலிங்கிலும் ஒருமுறைகூட முழுமையாகக் கலந்துகொள்ளவில்லை. அதனால்தான் எழுதுங்கள் என்கிறேன்.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால், நோயாளிக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். டாக்டர் என்று சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம்கூட இல்லை.

கடைசியாகச் சேரும் நாள் பற்றி. கவுன்சிலிங் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு வந்து மோதுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வடசென்னையில் கரண்டும் நெட்டும் நாள்கணக்கில் இல்லை. சாய்ஸ் லாக் செய்வதைக் கடைசி நாள் மாலைக்கு வைக்காமல் முந்தின நாளே முடித்து, பிரின்ட் எடுத்து வையுங்கள். ஒரு கல்லூரியில் சேர்ந்தபின் விலக வேண்டி வந்தால், கையில் எழுதிக் கொடுத்த கடிதம் போதாது. கல்லூரி அலுவலகம் எம்சிசி தளத்தின் வழியாகவே விடுவிப்புக் கடிதத்தை உருவாக்கித் தர வேண்டும். அதில்லாமல் அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினால், கணினியில் நீங்கள் அந்த இடத்தை இன்னும் வைத்திருப்பதாகவே நிற்கும், அடுத்த சுற்றில் உங்கள் பெயர் வராது. அலுவலகத்திலேயே உட்கார்ந்து, அந்தக் கடிதம் திரையில் வந்ததைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.